பொடி எழுத்தில் ஒரு வரி

1

இவரிடம் எப்படி இல்லை என்று சொல்வது? என் கழுத்தில் தாலி இருப்பதற்கு நன்றி சொல்வதென்றால் முதலில் இவருக்கல்லவா சொல்ல வேண்டும்?

உமையாள் இப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கொழுந்தன் அழகுசுந்தரம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

அவர்களை அப்படியே உட்கார வைத்துவிட்டு நான் பல நாளாக வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசகரிடம் மறைப்பானேன்? இந்தக் கதை எனக்கு ஒரு புட்டியின் முதுகிலிருந்து கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா நல்லெண்ணெய் கொடுத்தனுப்பிய பழுப்பு நிறப் புட்டி அது. எண்ணெயை ஊற்றிக்கொண்டு கழுவியபோது தாள் பாதி உரிந்தது. மீதிப் பாதியில் கல்லீரல் டானிக் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதன் கீழே எறும்பு ஊர்ந்தாற்போல் சேர்மானங்கள். நின்றபடியே படித்தேன். குழம்பு அடிப்பிடித்தது. உமையாள் என்று ஒருத்தி எனக்குள் எழுந்து வந்து, தானும் அதைப் படிக்கத் தொடங்கினாள்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘1969-ஆம் ஆண்டு, காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில்—’ (விட்டுவிட்டேன். பெரிய வீடு என்றதும் வாசகர் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்க்கப் போய்விடுவார். எனக்கு வேண்டியது அந்த வீட்டில் எரிந்த இரண்டு அடுப்புகள் மட்டும்.)

‘புதுவயலில் அரிசி ஆலை வைத்திருந்த மெய்யநாதனின் கண் மஞ்சளானபோது ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம்—’ (இதுவும் வேண்டாம். நோயிலிருந்து தொடங்கினால் நோயாளிதான் கதாநாயகர் ஆவார்.)

மூன்றாவது, நீங்கள் முதலில் படித்தது. அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அடுப்புகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவதல்ல இது. கூரை ஒன்று, வாசல் ஒன்று. அரிசியும் பருப்பும் அடுப்பும் மட்டும் தனி. மாமியார் அடுப்பில் என்ன வேகிறதென்று மருமகள் கேட்கமாட்டாள். மருமகள் அடுப்பில் என்ன வேகிறதென்று மாமியாரும் எட்டிப் பார்க்கமாட்டார். அதுதான் மரியாதை. அந்த மரியாதையால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. இந்தக் கதையில் ஒரு கல்லீரல் கெட்டுப் போகப் பார்த்தது.

3

உமையாளின் கணவர் மெய்யநாதன் மஞ்சள் காமாலையில் விழுந்து, நினைவு தப்பும் நிலைக்குப் போனபோது, காரை எடுத்துக்கொண்டு வந்தது தம்பி அழகுசுந்தரம்தான். டிரைவரை ஓட்டச் சொல்லி, மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் அண்ணன் தலையைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். அண்ணன் வாந்தி எடுத்தது தன் பட்டுக்கரை வேட்டியில்தான் என்பதை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் கவனித்தார். உமையாள் அதை மறக்கவில்லை. மறக்கக்கூடிய காரியமுமில்லை.

பிழைத்து வந்தவரிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியது இரண்டு: எண்ணெய் வேண்டாம், சாராயம் ஒரு சொட்டும் கூடாது. சாராயம் என்றதும் மெய்யநாதன் சிரித்தார். மதுவிலக்கு இருந்த காலம். அது இல்லாவிட்டாலும் அவர் தொடமாட்டார்.

உமையாள் செக்காலை ரோட்டு மருந்துக் கடையில் ஒரு கல்லீரல் டானிக் வாங்கி வந்து, தினமும் காலையில் ஒரு மூடி கொடுத்தாள். தேறி வந்தார். பிறகு தேறுவது நின்றது. ஆலையில் கணக்குப் பார்க்கும்போதே தூங்கி விழுந்தார். கண்ணின் வெள்ளையில் பழைய மஞ்சள் மெல்லத் திரும்பி எட்டிப் பார்த்தது.

சாயங்காலங்களில் அவர் மூச்சில் ஒரு வாடை வந்தது.

(இந்த வரிக்குப் பிறகு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் அழுவதாக, சாமியை வேண்டுவதாக. எல்லாம் பொய். சந்தேகம் வந்த பெண் அழுவதில்லை. கணவன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்க்கிறாள், பார்த்ததற்காகத் தன்னையே வெறுக்கிறாள், மறுநாளும் முகர்கிறாள்.)

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டர் நேராகவே கேட்டுவிட்டார், குடிக்கிறாரா என்று. மெய்யநாதன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். உமையாள் ‘ஐயோ, அவரா’ என்று பதறியிருக்க வேண்டும். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அவள் காலண்டரைப் பார்த்ததை அவர் பார்த்தார்.



4

அந்த வாரம் மாமியார் சிகப்பி ஆச்சி மகனுக்காக நேர்ந்துகொண்டதைச் செலுத்தத் திருக்கோஷ்டியூருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, வழக்கத்துக்கு மாறாக, மருமகள் பக்கத்துக்கு வந்து ஒரு புட்டியை நீட்டினார்.

“நான் வார வரைக்கும் சாயங்காலம் இதை அவனுக்கு ஒரு மூடி ஊத்திக் குடு. ஈரலுக்கு நல்லதுன்னு சுந்தரம் வாங்கித் தந்தது.”

மகன் ஆலையிலிருந்து வந்ததும் முதலில் ஆத்தாளைப் பார்த்துவிட்டுத்தான் தன் பக்கம் வருவார். ஆத்தா கொடுப்பதை அவர் என்னவென்று கேட்டதில்லை. உமையாளும் கேட்டதில்லை.

மூடியைத் திறந்தாள். அதே வாடை.

தன்னுடைய புட்டியையும் எடுத்து வந்து திறந்து முகர்ந்தாள். இதிலும் அதே வாடைதான், சற்று இளசாக. இத்தனை நாள் தன் கையால் ஊற்றும்போது அதற்கு மருந்து வாசனை என்று பெயர். அவர் வாயிலிருந்து வந்தபோது சாராயம்.

இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வெளிச்சம் படும்படி வைத்துப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம், கூடவே அகராதி. பெயர் வேறு, படம் வேறு, கம்பெனி வேறு. ஒன்றில் ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்றிருந்தது, இன்னொன்றில் ‘பூம்யாமலகி’. ஒன்றில் ‘எக்லிப்டா ஆல்பா’, இன்னொன்றில் ‘பிருங்கராஜ்’. அடியில், இருப்பதிலேயே பொடியான எழுத்தில், இவளுடைய புட்டியில் ‘ஆல்கஹால்’ பத்து சதவீதம். மாமியார் புட்டியில் ‘தானாக உண்டாகும் ஆல்கஹால்’, அதற்கும் கொஞ்சம் மேலே.

அகராதியில் இல்லாத பெயர்களை மருந்துக் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். பில்லாந்தஸும் பூம்யாமலகியும் ஒன்றுதான், கீழாநெல்லி. மற்ற இரண்டும் கரிசலாங்கண்ணி. சர்க்கரைப் பாகுக்குப் பக்கத்தில் போட்டிருந்த ‘க்யூ.எஸ்.’ என்பதற்கும் பொருள் சொன்னார்: தேவையான அளவு. இவளுக்கு அந்தச் சமயத்திலும் சிரிப்பு வந்தது. நாமும் உப்புக்கு அப்படித்தானே சொல்கிறோம்.

கீழாநெல்லியை மாமியார் விடிகாலையில் மோரில் அரைத்தும் கொடுத்து வந்தார். ஆக ஒரே செடி மூன்று பெயரில், மூன்று வேளை. அதோடு ஒரு சொட்டுக்கூட ஆகாதென்று சொன்ன உடம்புக்குள் காலையும் மாலையும் சாராயம், கட்டினவளும் பெற்றவளும் மாற்றி மாற்றி அன்போடு ஊற்றியது.

கோயிலிலிருந்து திரும்பிய சிகப்பி ஆச்சியிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. புட்டியை வாங்கி, தெரியாத எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“கொல்லையில சும்மா கெடக்குற செடிக்கு மூணு பேரு வச்சு வித்திருக்கானுக. நாம ரெண்டு பேரும் நல்லா மரியாத பாத்தோம் போ. இனிமே என் அடுப்புல என்ன வேகுதுன்னு நீ கேளு. உன் அடுப்ப நானும் கேக்குறேன்.”

இரண்டு டானிக்கும் நின்றன. டாக்டரிடம் சொன்னார்கள், அவர் வேறு மருந்து எழுதினார். மஞ்சள் மெல்ல இறங்கியது. அன்று காலண்டரைப் பார்த்ததற்காக உமையாள் கணவனிடம் பேச வாயெடுத்தபோது, ஆலைக்கு நேரமாகிறது, மோர் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அந்த மோரை அவள் டம்ளர் தளும்பி வழிய ஊற்றினாள். நன்றியினால் கை அளவு மறக்கும் என்பது அதற்கு முன் அவளுக்குத் தெரியாது.*

* எனக்கும் தெரியாது. எழுதும்போதுதான் தெரிந்தது.

5

இப்போது அழகுசுந்தரத்திடம் வருகிறேன். இவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டுமென்று இவரைக் கொஞ்சம் கறுப்பாக்கப் பார்த்தேன். ‘கண்ணில் பேராசை மின்ன’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். ஓடவில்லை. மடியில் அண்ணன் தலையை வைத்திருந்தவர் கண்ணில் நான் எதைக் கொண்டுபோய் மின்ன விடுவது? ஆத்தா கொடுத்துவந்த அந்த டானிக்கை ஊரில் விற்கும் ஏஜென்சியை எடுத்தபோது வந்த முதல் புட்டியை ஆத்தாளிடம் கொடுத்ததும் அண்ணனுக்காகத்தான். பொடி எழுத்தை அவர் படிக்கவில்லை. விற்பவர்களில் எத்தனை பேர் படிக்கிறார்கள்? நடந்தது தெரிந்து ஒரு வாரம் அண்ணன் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

ஆனாலும் ஏஜென்சி இருக்கிறது. சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. நல்ல உடம்புக்காரர்களுக்கு அது கெடுதலில்லை என்று கம்பெனியார் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தால் போகும். ஊரில் நல்ல தமிழ் எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியவள் வீட்டிலேயே இருக்கிறாள். அண்ணன் மனைவியை நகரத்தார் அண்ணமிண்டி என்பார்கள்.

“அண்ணமிண்டி, நீங்க எழுதினா ஆச்சிமாருக ரெண்டு தடவ படிப்பாக. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணின்னு நம்ம பேரையே போட்டுருங்க. பூராத்தையும் எழுதுங்க. அந்தச் சாராய வரி மட்டும் வேணாம்.”

“புட்டியில இருக்கே.”

“அது இங்கிலீஷ்ல அங்குட்டு இருக்கட்டும். அத யாரு படிக்கப் போறாக?”

நான் படித்தேனே, என்று நினைத்தாள் உமையாள்.

இங்கேதான் முதல் பக்கத்தில் அவர்களை உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

6

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்றில் அவள் எழுதிக் கொடுத்துவிடுகிறாள். பட்ட நன்றிக்கடனைத் தீர்த்த நிம்மதி. பிறகு ஒருநாள் யாரோ ஒரு வீட்டில் ஒருத்தி கணவனின் சட்டையை முகர்ந்து பார்க்கிறாள். (இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது.)

இன்னொன்றில் அவள் நீளமாகப் பேசுகிறாள். அவர் மனம் மாறி ஏஜென்சியைத் திருப்பித் தருகிறார். (இதை நானே நம்பவில்லை.)

மூன்றாவதில் சிகப்பி ஆச்சி உள்ளே வந்து—

வேண்டாம். அவர் வந்தால் உமையாளுக்கு வேலை இருக்காது.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. உமையாள் வாயால் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று விரும்பினேன், கொழுந்தனுக்கோ கணவனுக்கோ அல்ல. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அச்சுக்கூடத்தில், புட்டித் தாளின் அடியில் இனி இடமில்லை என்ற நிலையிலும் அந்த ஒரு வரியை விட்டுவிடாமல் அச்செழுத்தில் கோத்தாரே, முகம் தெரியாத அந்த மனிதருக்கு. அவர் சட்டத்துக்குப் பயந்து கோத்திருக்கலாம். கோக்கும்போது பகல் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். இருக்கட்டும். காரைக்குடியில் ஒரு பெண் தன் கணவனை மறுபடி நேராகப் பார்க்க முடிந்தது அவரால்தான். அவருக்கு எங்கே போய் நன்றி சொல்வது?

அவளுக்காக நான் அழகான சில வாக்கியங்களைக்கூட எழுதி வைத்தேன். அவள் அவற்றைப் பேச மறுத்துவிட்டாள். தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

7

ஆகவே முடிவு உங்களிடம். அழகுசுந்தரம் அதற்குப் பிறகு கோபித்துக்கொண்டாரா, வேறு யாரிடமாவது எழுதி வாங்கினாரா, புட்டிகள் விற்றனவா என்பதெல்லாம் நீங்கள் தேவையான அளவு சேர்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உமையாள் பேனாவைத் திறந்தாள். கீழாநெல்லி என்று எழுதினாள். கரிசலாங்கண்ணி. சர்க்கரைப் பாகு. ஒவ்வொன்றாகத் தெளிவான, பெரிய எழுத்தில். கடைசியில் அந்த வரிக்கு இடம் விட்டு நிறுத்தி, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மதுரை போன அன்று அவர் கட்டியிருந்த அதே வேட்டி. கறை போகவில்லை, மடிப்பில் மறைத்துக் கட்டியிருந்தார்.

அவர் தணிந்த குரலில் கேட்டார்.

“ஒரே ஒரு வரிதான அண்ணமிண்டி?”

பேனாவை மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

“ஆமா தம்பி. ஒரே ஒரு வரிதான். அது இல்லாம எனக்கு எழுத வராது.”