பீட்சாச் சீட்டு மாதிரி ஒரு கார்டு

கோரினும் அவள் கணவன் வெண்டலும் செய்தி பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். டை கட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டால் நெஞ்செரிகிறது என்றான் வெண்டல். மைலோ கிரேனின் நையாண்டி நிகழ்ச்சி மட்டும் மிஞ்சியது. பதிவு செய்துவைத்து, மறுநாள் சாப்பாட்டு மேசையில் பார்ப்பார்கள். ஆளுநர் என்ன செய்தார், செனட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குச் சிரிப்போடுதான் வந்து சேரும்.

பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது கோரினின் வேலை. மைலோ சொன்னதை நோயாளிகளுக்கு அப்படியே நடித்துக் காட்டுவாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுத்துப் பேச முடியாது.

"சிரிக்காதீங்க, குத்திரும்" என்று மிரட்டவும் செய்வாள்.

அந்த வசந்தத்தில் மைலோ ஒரு கார்டைக் காட்டினான். சில தேர்தல்களாக ஓட்டுப் போடாதவர்களுக்கு அவர்களுடைய மாநில அரசு அனுப்புவது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது. பார்ப்பதற்குப் பீட்சாக் கடையின் தள்ளுபடிச் சீட்டு மாதிரியே இருந்தது. மைலோ அதை நீட்டிப் பீட்சா கேட்டான். கிடைக்கவில்லை என்றதும் அதன் மூலையால் பல் குத்திக்கொண்டான். கோரின் சிரித்துச் சிரித்து மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

சில வாரங்களில் அவளுக்கே அந்தக் கார்டு வந்தது.

"வெண்டல்! இங்க பாரு, நான் பிரபலமாயிட்டேன்!"

கொஞ்ச காலமாகவே அவள் ஓட்டுப் போடப் போகவில்லை. எந்த வேட்பாளரைப் பார்த்தாலும் மைலோ செய்து காட்டிய முகம்தான் தெரிந்தது. கோமாளிகளில் எந்தக் கோமாளிக்குப் போடுவது?

கார்டை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினாள். வரவேற்பில் இருந்த பெண் அதைப் பிடித்துக்கொண்டு படம்கூட எடுத்துக்கொண்டாள். பிறகு கார்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது, ஏரிக்கரையில் எடுத்த படங்களுக்கு நடுவே.

நவம்பரில் வந்த தேர்தலில் கோமாளிகள் யாரும் இல்லை. பள்ளிக்கூட வரி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி மட்டும். வரி தோற்றால் பள்ளிப் பேருந்துகள் குறையும். வெண்டல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். கடைசியாகச் சேர்ந்தவனும் அவன்தான்.

"நான் போட்டுட்டேன். நீ வேலை முடிஞ்சதும் நேரா போயிரு" என்றான் தொலைபேசியில்.

"உன் வேலைடா இது. மறப்பேனா?"

சர்ச்சின் கீழ்த்தளத்தில் வாக்குச்சாவடி. பட்டியலோடு உட்கார்ந்திருந்த ஹார்லன் பீபடி அவளிடம் பல் சுத்தம் செய்துகொள்பவர். ஒருமுறை தேடினார், மறுபடி தேடினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"பேரைக் காணோமே, கோரின்."

"நல்லா பாருங்க. நான் எங்கயும் போகலையே."

"கார்டு ஒண்ணு வந்திருக்குமே?"

"வந்துச்சே! உங்ககிட்டகூட காமிச்சேன். அந்தப் பல்லு குத்துற..."

"ஆமா, சிரிக்க வச்ச." அவர் இப்போது சிரிக்கவில்லை. "திருப்பி அனுப்புனியா?"

கோரினின் வாய் திறந்திருந்தது. அத்தனை பேரிடம் காட்டியாயிற்று, அத்தனை சிரித்தாயிற்று. அனுப்பிவிட்டது போலவே இருந்தது அவளுக்கு.

பீபடி வேறொரு வாக்குச்சீட்டை நீட்டினார். "இதுல போடு. தனியா எடுத்து வைப்பாங்க. ஆனா எண்ணுவாங்கன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அவள் போட்டாள். வரி வேண்டும் என்பதற்கு எதிரே இருந்த வட்டத்தை ஓரம்வரை கருப்பாக நிரப்பினாள்.

வீட்டில் வெண்டலிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மைலோ அனுப்பச் சொன்னானே," என்றான் மெதுவாக. "கடைசில. நெஜமாத்தான் சொன்னான்."

"எனக்குக் கேக்கவே இல்லையே."

"நீ சிரிச்சிட்டிருந்த." தட்டை நகர்த்தி வைத்தான். "உன்னை மட்டும் என்ன சொல்றது? நானும் தினம் அந்த ஃபிரிட்ஜைத் தொறக்கறவன்தான்."

அன்று இருவரும் தொலைக்காட்சியைப் போடவில்லை.

வரி தோற்றது, மயிரிழையில். கிறிஸ்துமஸோடு வெண்டலின் பேருந்துத் தடம் நின்றுவிடும் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரமே மிஸஸ் ஆல்ட்ரிச் பல் சுத்தம் செய்ய வந்தார். நாற்காலி சாய்வதற்குள் தொடங்கிவிட்டார்.

"கோரின், அந்தக் கார்டு கதையை இன்னொரு தரம் சொல்லேன். என் மருமகனுக்கும் வந்துச்சு, தெரியுமா?"

"அனுப்பிட்டாரா?"

மிஸஸ் ஆல்ட்ரிச் சிரித்தார். அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

"நெஜமாத்தான் கேக்கறேன். அதை அனுப்பச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க."

"அய்யோ, அந்த மூஞ்சியைப் பாரேன்! மைலோவையே மிஞ்சிட்ட போ," என்று மிஸஸ் ஆல்ட்ரிச் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்தார்.