இல்லாத முள்

அந்தக் குட்டியை எடுத்து வந்த நாள் லெகி என்றுதான் நினைத்திருந்தேன். லெகி, பஹிங் என்று ஐந்து நாள் சுற்றி வரும் எங்கள் ஊர்ச் சந்தைக் கணக்கில் அன்று எந்த நாளோ, அதையே பெயராக வைத்தோம். இப்போது யோசித்தால் பஹிங் நாளாக இருந்திருக்கலாம் என்று படுகிறது. அதற்குக் கண் திறந்திருந்ததா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. என் கணவர் பர்ஜோனோ திறந்திருந்தது என்கிறார். மூடியிருந்ததாக எனக்கு நினைவு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

தெளிவாகத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய மட்டைகளை மர வரிசைகளுக்கு நடுவே அடுக்கிவிடுவோம். அந்த அடுக்குக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஒற்றைக் காட்டுப்பூனைக் குட்டி. தாயைக் காணோம். சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து என் மடியில் விட்டார்.

"செத்துரும் போலிருக்கு. பாத்துக்கிறியா?"

இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான். அது தெரிந்துதான் கேட்டார்.

லெகி வளர்ந்தது. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், நெற்றியில் வெள்ளைக் கோடுகள். மடிக்கு வந்தது முதல் இரண்டு மாதம் மட்டும்தான். பிறகு அலமாரி மேல் ஏறிக்கொண்டு, அங்கிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அரிசி மூட்டையிலும் தொழுகைப் பாயிலும் மூத்திரம் பீய்ச்சும். பாயைத் துவைத்துத் துவைத்து என் கை வெளுத்தது. இது காட்டில் இருக்க வேண்டியது, வீட்டில் வைப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சுமினி வரும்போதெல்லாம் அலமாரியை அண்ணாந்து பார்ப்பாள்.

"உன் புள்ள என்னைப் பாக்குற பார்வையே சரியில்லடி வகீனி. நான் என்ன கோழியா?"

"கொக்கரிக்கிறதைக் கேட்டா அதுக்குச் சந்தேகம் வராதா?"

"வரும், வரும். ஒரு நாள் உன்னையே தின்னப் போகுது, பாரு."

சுமினியின் கைக்குழந்தைக்கு முப்பத்தைந்தாம் நாள் விருந்து வந்தது. அவள் அடுப்படி சின்னது என்பதால் கோழிகளை எங்கள் வீட்டில் அறுத்துச் சுத்தம் செய்தோம். தேங்காய் எடுத்து வருகிறேன் என்று தன் மூத்த பெண் ரெஸ்தியை எங்களிடம் விட்டுவிட்டு அவள் வெளியே போனாள். ரெஸ்திக்கு அப்போது இரண்டரை வயது.

லெகி இறங்கி வந்தது. ஒரு கோழித் தலையைக் கவ்விக்கொண்டு சமையல் பலகைக்கு அடியில் போய்ப் படுத்தது. அதன் தொண்டையிலிருந்து அதுவரை நான் கேட்டிராத ஓர் உறுமல்.

"பூனை, எனக்குக் குடு" என்று ரெஸ்தி கையை நீட்டினாள்.

பர்ஜோனோ தன் கையைக் குறுக்கே கொடுத்தார். வலது கை, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி. லெகி கடித்தது, கடித்தபடியே இருந்தது. விட்டபோது நான்கே நான்கு ஓட்டைகள். ரத்தம்கூட அதிகமில்லை.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் சுமினியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"முள்ளுன்னு சொல்லிடுங்க" என்றேன்.

செம்பனை முள் குத்தாத கை எங்கள் தோட்டத்தில் கிடையாது. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் முழங்கை வரை வீங்கிச் சிவந்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்துக்குப் போனோம்.

கம்பவுண்டர் ஹாரியாந்தோ ஆயிரம் முள் எடுத்தவர். "நுனி உள்ளேயே நிக்குது. எடுத்தாத்தான் சீழ் வடியும்" என்று கீறினார். தேடினார். பர்ஜோனோ துண்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"ரொம்ப ஆழமாப் போயிருக்கு. இன்னும் கொஞ்சம் கீறணும். பிடிச்சுக்கம்மா."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நீளக் கழியில் அரிவாள் கட்டி, தலைக்கு மேல் நிமிர்த்தி, குலையை இழுத்து அறுக்கிற கை அது. வாயைத் திறந்தால் லெகி போய்விடும். கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூட இருக்காது. இன்றைக்கும் நான் அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடிக்கடி போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

"உள்ள முள்ளு இல்ல."

"என்னம்மா?"

"பூனை கடிச்சுது. காட்டுப்பூனை. வீட்டுல வளக்குறோம்."

கம்பவுண்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "மூணு நாளாச்சே! வெறிநோய் ஊசி அன்னைக்கே போட்டிருக்கணும். இல்லாத முள்ளை நான் எவ்வளவு நேரம்மா தேடுவேன்?" பிறகு பர்ஜோனோவிடம் திரும்பினார். "நீயாவது வாயைத் திறக்கக் கூடாதாய்யா?"

"அவ சொல்லட்டும்னு இருந்தேன்."

அவரைத் தோட்டத்து வண்டியிலேயே நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வனத்துறையிலிருந்து இரண்டு பேர் கூண்டோடு வந்த அன்று சுமினிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"ரெஸ்தி கையா இருந்திருக்கும், இல்லையா?"

"ஆமா."

அவள் திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

வந்தவர்களில் ஒரு பெண் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"மட்டை அடுக்குல. தாய் விட்டுட்டுப் போயிருச்சு."

"விட்டுட்டுப் போகலம்மா. ஆள் சத்தம் கேட்டா குட்டிகளை ஒவ்வொண்ணாக் கவ்வி வேற இடத்துக்குக் கொண்டுபோகும். கடைசிக் குட்டி கொஞ்ச நேரம் தனியாக் கிடக்கும். திரும்பி வந்து தேடியிருக்கும்."

அவள் திட்டவில்லை. கூண்டைப் பூட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அலமாரியின் காலியான மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. பர்ஜோனோ பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆள்காட்டி விரல் மடங்காது, கழியைப் பிடிக்க முடியாது. இப்போது என்னோடு சேர்ந்து உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். வனத்துறையினர் எங்களை எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஹாரியாந்தோ வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். ரெஸ்தி பள்ளிக்கூடம் போகிறாள், அவளுக்கு எதுவும் நினைவில்லை. சுமினி ஒரு மாதம் கழித்துப் பேசினாள், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். லெகிக்கு மனித பயம் இல்லாததால் அதைக் காட்டில் விட முடியவில்லை. வனத்துறைக் கூண்டில் நான்கு வருடம் இருந்து செத்துப்போனது. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.