ஹாஷிம் மௌத்தான விதம்

மர்சூக் முதலில் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் மகள் ஷஹ்மாவுக்காக. அவருடைய தம்பி ஹாஷிம், ஷஹ்மா கைக்குழந்தையாக இருந்தபோது, இருபத்தெட்டு வயதில், அக்குறணைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபடியே சரிந்து, இதயம் நின்று போனவன். பெண் பேச வந்த ஆஸியா உம்மாவிடம் மர்சூக், "தம்பி பைக் எக்ஸிடன்ட்ல மௌத்து" என்றார். ஷஹ்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். குடும்பத்தில் நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் கூடுமா? கூடியது. ஷஹ்மா ஆஸியா உம்மாவின் மகன் ருஷ்தியைக் கட்டிக்கொண்டு குண்டசாலைக்குப் போனாள்.

ஆறே மாதத்தில் படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. டொக்டரிடம் வாப்பா மர்சூக்கும் மாமி ஆஸியா உம்மாவும் கூடவே போனார்கள்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

பக்கத்துக் கதிரையில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்க, மனிதர் வேறென்ன சொல்வார்? "இல்ல டொக்டர்." இரத்தம் குறைவாக இருக்கும் என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு ஷஹ்மா உண்டானாள். ஆறாம் மாதம் கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை.

இன்று மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. டொக்டர் யசோதினி ஷஹ்மாவின் கட்டிலருகே நின்று, அவளுக்கும் வாப்பா, மாமி, ருஷ்தி மூவருக்கும் பொறுமையாக விளக்கினார். இதயம் ஓயாமல் துடிப்பதில் தசைக்குள் புரதங்கள் நசிந்து பழுதாகும். பழுதானதை அகற்றக் கூடமாட உதவும் புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் 'பேக் த்ரீ' என்ற மரபணுவில் ஷஹ்மாவுக்குப் பிழை. கழிவு உள்ளேயே சேர்ந்து இதயம் தளர்ந்துவிட்டது.

"பரம்பரையா வாறது. முந்தியே தெரிஞ்சிருந்தால் அப்பவே மருந்து துடங்கியிருப்பம். பிள்ளையையும் வேண்டாமெண்டு சொல்லியிருப்பம்."

அவர் போனதும் மர்சூக்கால் தாங்க முடியவில்லை. தன் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"ஹாஷிம் பைக்ல மௌத்தாகல்ல. அவனுக்கும் ஹார்ட்தான். நான்தான் மறைச்சேன்."

மர்சூக்கை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஆஸியா உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"தெரியும் நானா. பொண்ணு பேச முந்தியே தெரியும். அக்குறணையில எதை மறைக்க ஏலும்? நல்ல புள்ளண்டுதான் எடுத்தோம். அண்டைக்கு டொக்டர் கேட்ட நேரம் நீங்க இல்லண்டு சென்னீங்க. ஒங்கட முகத்த முறிக்க ஏலாம நானும் வாயத் தொறக்கல்ல."

ருஷ்தி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஷஹ்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு மட்டும்தானா தெரியாது?"