ஆமைக்கு எத்தனை மார்க்?

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பேண்ட், கோட்டு தைப்பது. ஆனால் அவரைக் கேட்டால் கார் ராலி டிரைவர்களுக்கு மார்க் போடுவதுதான் தொழில், தையல் சும்மா கைச்செலவுக்கு என்பார். கடையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு, தைத்ததைப் போட்டுப் பார்ப்பதற்கு. அதன் ஒரு ஓரம் முழுக்க டிரைவர்களின் பட்டப்பெயர், எதிரே பத்துக்கு இத்தனை என்று மார்க், எல்லாம் தையல் சாக்பீஸில். புதுக் கோட்டைப் போட்டுப் பார்க்க வருகிற மனிதர் தன் இடது கை எங்கே போயிற்று என்று தேடுவார். தெரியாத்தனமாக யாராவது அதைத் துடைத்துவிட்டால், அப்புறம் அவருக்குத் துணி தைத்துக் கிடைத்த மாதிரிதான்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளிடம் கிளட்ச் எது, பிரேக் எது என்று கத்திவிட்டுத் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், இவர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு டிவிக்குள் இருப்பவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். "ஹேண்ட்பிரேக்கப் போடுடா! திருப்புடா!" இத்தனைக்கும் எங்கள் சொந்தக் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் இந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டும். கடைசியில் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒரே மகள் ராலியில் நேவிகேட்டர் ஆனதில் என்ன ஆச்சரியம்? ராலி என்றால் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிற பந்தயம் இல்லை. காட்டுப் பாதையில், மண் ரோட்டில், வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். யாருக்கு நேரம் குறைவோ அவர் ஜெயித்தார். டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, முன்னமே பாதையைப் பார்த்து எழுதிவைத்ததைப் படித்துக்கொண்டே வர வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன, வளைவு எவ்வளவு கூர்மை, எல்லாம் அந்த வாய் சொல்லித்தான் டிரைவருக்குத் தெரியும். என் மகளுக்கு என் தொண்டை. எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

அவளை நினைத்து இவருக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆத்திரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவன் மேல். "தங்கமான பொண்ணு, ஒரு தகர டப்பாகிட்டப் போய் மாட்டிக்கிச்சு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்புவார். அவனுக்கு இவர் வைத்த பெயர் ஆமை. கண்ணாடியில் ஆமையின் மார்க் மூன்றைத் தாண்டியதே இல்லை. காரணம், அவன் வளைவில் வண்டியைக் குறுக்கே போட்டுச் சறுக்கிப் புழுதி கிளப்ப மாட்டான். வருவான், திரும்புவான், போய்விடுவான். ரசிகர்களுக்குக் கைதட்டவே நேரம் இருக்காது.

அந்த ஆமையைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாக ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்.

இவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரை?"

"தினம் வாய் வலிக்கத் திட்டறியேப்பா, அவரைத்தான்."

"ஆமையையா? உலகத்துல வேற ஆளே கெடைக்கலயா உனக்கு? ஒழுங்கா ஒரு சறுக்கு சறுக்கத் தெரியல அவனுக்கு. மாப்பிள்ள யாருன்னு கடையில கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"எனக்கும் இஷ்டமில்ல" என்றேன் நான். "மரத்துக்கு மரம் உரசிக்கிட்டுப் பறக்கறவனுக்குப் பொண்ணு குடுக்க எனக்கென்ன கிறுக்கா?"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அவர் வேகமா, மெதுவா?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை ராலியை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று இவர் ஒரு நீதிபதி கணக்காக எழுந்து போனார். பாத்திரம் கழுவும்போது மகள் என் தோளில் தலையைச் சாய்த்து, "அவர் இல்லன்னா எனக்கு யாரும் வேணாம்மா" என்றாள். விளையாட்டுப் பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சரிவில் போய் நின்றோம். கடை சகாக்களான எலெக்ட்ரீஷியனும் மருந்துக்கடைக்காரரும் கூடவே வந்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியும் வளைவில் குறுக்கே சறுக்கி எங்கள் வாயில் மண்ணை வாரிப் போட்டுவிட்டுப் போயிற்று. இவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "ஒம்போது!" என்பார். "ஒம்போதரை போடுங்க, அண்ணே!" என்பார் எலெக்ட்ரீஷியன். பிறகு எங்கள் மகளின் வண்டி வந்தது. திரும்பியது. போயிற்று.

"பாத்தியா? பால் வாங்கக் கடைக்குப் போற மாதிரி போறான்!"

ஆனால் நான் தினமும் ஸ்டீயரிங் பிடிக்கிற கைகளையே பார்த்துப் பிழைப்பவள். மற்றவர்கள் சறுக்கிய வண்டியை நேராக்கிக்கொண்டிருந்த இடத்தில் இவன் ஏற்கெனவே ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டான். "ஏங்க, இங்கேருந்து வேகமா வெளிய போனது அவன்தாங்க" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில், இதுவரை முதலிடம் யார் என்று அறிவித்தார்கள். ஆமை. என் வீட்டுக்காரர் வாயில் புகுந்த மண்ணைத் துப்பிவிட்டு, "கடிகாரத்துல ஏதோ கோளாறு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் வண்டி சோளக்காட்டுக்குள் பாய்ந்துவிட்டது என்று ஒலிபெருக்கி சொன்னது. யாருக்கும் அடியில்லை என்று சொல்லும்வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ வெளியே வந்து ஓட்டி முடித்தார்கள், ஆறாவது இடம். நாங்கள் முடிவுக் கோட்டுக்கு ஓடினோம். அங்கே அவன் முன்னால் மைக்கை நீட்டினார்கள். "தப்பு என்னோடது. அந்த வளைவ நான்தான் தப்பாக் கணிச்சுட்டேன்" என்றான். பக்கத்தில் என் மகள் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். கூட்டம் அவனைக் கிழிகிழி என்று கிழித்தது. "எறங்கிப் போடா ஆமை!" என்று கேட்டதே ஒரு குரல், அது என் வீட்டுக்காரருடையது. அவர் கையில் நான் கிள்ளிய கிள்ளு மறுநாளும் கன்றிப்போய்த்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் கடையைத் திறந்து, கண்ணாடியில் ஆமைக்குப் பூஜ்யம் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

மகள் வந்தவுடன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு உள்ளேயிருந்தே, "கல்யாணப் பேச்ச விட்டுருங்கம்மா, வேணாம்" என்றாள். ஏன் என்றேன். உள்ளே விளக்கு அணைந்தது. இவர் என்னிடம் கண்ணைச் சிமிட்டி, "புத்தி வந்துடுச்சு" என்றார். நானும் அதைத்தானே கேட்டேன்? ஆனால் ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு.

மறுநாள் சாயங்காலம் வகுப்பு முடிந்து கடைக்குப் போனேன். ஒரே கூட்டம். வண்டிக்குள் இருந்த கேமரா எடுத்த வீடியோவைப் போட்டி நடத்துகிறவர்கள் வெளியிட்டிருந்தார்கள். ஆமை சோளக்காட்டுக்குள் போகிற அழகைப் பார்த்துச் சிரிப்பதற்காக மருந்துக்கடைக்காரர் அதைக் கடை டிவியில் போட்டார்.

என் மகளின் குரல் மூச்சுவிடாமல் வந்துகொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் கைகள் திரும்பின. "மேடு. நேர். முழுசா அழுத்து!" என்றாள். எதிரே மேடு, அதற்கு மேல் வானம், அவ்வளவுதான் தெரிந்தது. அழுத்தினான். மேட்டைத் தாண்டியதும் ரோடு இடது பக்கம் திரும்பிப் போனது, வண்டி நேராகப் போனது. சோளத்தட்டைகள் படபடவென்று கண்ணாடியில் அடித்தன.

கடையில் சிரிப்பு கிளம்பியது. அதற்குள் வண்டிக்குள்ளிருந்து அவன் குரல்.

"அடி பட்டுச்சா உனக்கு?"

"இல்ல. ஐயோ, நான் நோட்டுல ரெண்டு பக்கத்தச் சேத்துத் திருப்பிட்டேன். எடது வளைவ உங்கிட்ட நான் சொல்லவே இல்ல. நான்தான்..."

"சரி, விடு." ரிவர்ஸ் கியர் விழுகிற சத்தம். "அடுத்தது சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "வலது, கூர்மை. அப்புறம் மேடு. நேர். முழுசா அழுத்து."

மறுபடியும் ஒரு மேடு. மறுபடியும் வெறும் வானம். அவன் அழுத்தினான்.

என் பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அதைவிட்டு நான் காலை எடுத்ததில்லை. ஓட்டுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நம்பமாட்டேன், என் குணம் அது. இங்கே ஒருத்தி, இப்போதுதான் தப்பாகச் சொல்லிக் காட்டுக்குள் தள்ளிவிட்டவள், அழுதுகொண்டே அழுத்து என்கிறாள். இவன் ஒரு நொடி யோசிக்கவில்லை. என் பெண்ணை இப்படி நம்புகிறவன் ஒருவன் இருக்கிறானே என்று எனக்கு அங்கேயே, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

எலெக்ட்ரீஷியன் தொண்டையைக் கனைத்தார். "அப்பன்னா, அண்ணே, பூஜ்யத்தப் பொண்ணுக்குல்ல போடணும்?"

"யாருக்குய்யா பூஜ்யம்?" இவர் துள்ளி எழுந்தார். "ஒரு பக்கம் மாறிட்டா பூஜ்யமா? உள்ள உக்காந்து ஒரு வரி படிப்பியா நீ? வாந்தி எடுத்துருவ! வெளிய நின்னுகிட்டு வாய்க்கு வந்ததப் பேசறது!"

"நேத்து நாமளும் வெளியதானே நின்னோம்" என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக.

இவர் டிவியை அணைத்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்தார். பாதி வழியில் நின்றார். பிறகு, "அவன் மைக்குல அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, நேத்து பாப்பாவத்தானே எல்லாரும் திட்டியிருப்பாங்க?" என்றார்.

"நீங்களும்தான். எல்லாரையும் விடச் சத்தமா."

"தெரியுது, விடு" என்றார்.

வீட்டு வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். போனை எடுக்க மாட்டேன் என்கிறாள், அதனால்தான் வந்தேன் என்றான். கிட்டத்தில் பார்க்கச் சின்னப் பையனாக இருந்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தடுமாற்றம். "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்று நேற்றுவரை அவன், இவன் என்ற வாய் குழறியது. அவன் உட்காரவில்லை. "ஆன்ட்டி, அவகிட்ட ரெண்டு வார்த்த பேசிக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, மூடிய கதவுக்கு வெளியே போய் நின்றான்.

"அடுத்த ராலிக்கு ரோடு பாத்து எழுதப் போகணும். வரியா?"

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போ" என்றது உள்ளேயிருந்து. "என்னாலதானே ஊரே உன்னத் திட்டுது."

"ஊரு எப்பவும்தான் திட்டுது" என்றவன், என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு அவசரமாக, "சாரி சார்" என்றான்.

"நான் இன்னொரு தடவ தப்பாச் சொல்லிட்டா?"

"இன்னொரு தடவ சோளக்காட்டுக்குள்ள போவோம். ரெண்டு பேரும் வெளிய வருவோம். நீ அடுத்ததச் சொல்லு."

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. வீங்கிய கண்ணோடு வந்து நின்ற மகள் அவனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

இவர் கழுத்திலிருந்த அளவு டேப்பை உருவிக்கொண்டு அவன் முதுகுப் பக்கம் போனார். "நேரா நில்லுங்க."

"சார்?"

"தோளத் தளர்த்துங்க. கல்யாணக் கோட்டு, தோள்ல கச்சிதமா உக்காரணும். ம், கையத் தூக்குங்க மாப்பிள்ள."

"அப்பா!" என்று மகள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தது. மாப்பிள்ளை தூக்கிய கையை இறக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரோ தோளை அளந்தார், தலையை ஆட்டினார், மறுபடியும் அளந்தார். என்னவோ என்று கிட்டே போய்ப் பார்த்தால், மனுஷனுக்குக் கண் முழுக்கத் தண்ணீர்.

"நம்பர் தெரியல. நீ பாத்துச் சொல்லு" என்றார்.

நான் படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.