குருட்டுப் பணம்

முகத்தை மூடிக்கொண்டு சீட்டாட வருகிறவனைக் கண்டாலே எனக்குக் குமட்டும். காலை பத்து மணி. வெளியே லாஸ் வேகாஸ் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே இவன் தலைக்கு முக்காடு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காது இரண்டிலும் பாட்டு. மூன்று டாலர் கட்டுவதா வேண்டாமா என்று கன்னத்தில் கைவைத்து ஒரு நிமிடம் யோசிக்கிறான், ஏதோ இருதய ஆபரேஷன் செய்யப்போகிறவன் மாதிரி. பெயர் பிரைசன். இவனைப் போல இன்னும் மூன்று பேர். நான்கு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம்.

இந்தச் சின்னச் சூதாட்ட விடுதியில் எங்கள் காலை மேசை இப்படி இருந்ததே இல்லை. நான் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன். ஓய்வு பெற்ற மறுநாளே இந்த மேசைக்கு வந்தவள், பதினோரு வருடமாக இங்கேதான். எம்மெட்டின் முழங்கால் ஆபரேஷன், ஹோவாங் வீட்டுக் கல்யாணம், கஸ்ஸின் மூன்றாவது விவாகரத்து, எல்லாம் இந்த மேசையில்தான் அலசப்பட்டன. நடுநடுவே சீட்டும் ஆடினோம். ஒருத்தர் பணத்தை ஏற்றினால் அவர் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு, விட்ட பேச்சைத் தொடருவார்கள்.

அப்புறம் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள். ஊர் நடுவில் இருக்கிற பெரிய விடுதிகளில் இவர்களே ஒருவரை ஒருவர் தின்று தீர்த்துவிட்டார்களாம். அதனால் எங்களைத் தேடி வந்துவிட்டார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஏற்றுவான் ஒருத்தன். அதற்கு மேல் ஏற்றுவான் இன்னொருத்தன். இரண்டே மாதத்தில் எங்கள் ஆட்களில் பாதிப் பேரைக் காணோம். கஸ், கூப்பிடுகிற நம்பரை அட்டையில் அடிக்கிற பிங்கோ ஆடப் போய்விட்டான். பிங்கோ! கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது.

ஆட்டத்துக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த பணமும் கரைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்தால் ஆட்டத்தை விட்டுவிடுவதென்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டில் டிவியைத் தவிர என்னோடு பேச யாருமில்லை. இந்த நாற்காலி போனால் எனக்குக் காலை என்று ஒன்றே கிடையாது.

ஆகவே கற்றுக்கொண்டேன். மாதச் சந்தா கட்டினால் கம்ப்யூட்டரில் ஒருவன் பாடம் நடத்துகிறான். என் பல்செட்டைவிட அவனுக்கு வயது குறைவு. எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தச் சீட்டுக்கு ஏற்றவேண்டும் என்று பச்சையும் சிவப்புமாக ஒரு கட்டம் கொடுத்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, பால் எடுக்கும்போதெல்லாம் படித்தேன். அவனுடைய முக்கியமான பாடம் இது: மேசையில் யார் பயப்படுகிறார், யார் நம்புகிறார் என்று பாருங்கள், அடியை அங்கே வையுங்கள். கேட்டபோது காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேட்டேன்.

பலன் இருந்தது. பிள்ளைகளிடம் பறிகொடுப்பது குறைந்தது. ஒருநாள் நான் பதிலுக்கு ஏற்றியபோது பிரைசன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

ஒரே ஒரு பாடத்தை மட்டும் நான் தொடவில்லை. சீட்டு போடுவதற்கு முன்பே, முறை வருகிற இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமல் பணம் வைக்கவேண்டும். ஒருவர் ஒரு டாலர், அடுத்தவர் மூன்று. அதுதான் குருட்டுப் பணம். மற்ற எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டு அந்த இருவர் மட்டும் மிஞ்சினால், அவரவர் வைத்ததை அவரவர் எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். எம்மெட் எனக்கு வலப்பக்கம் உட்காருவார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் இருவரும்தான் ஜோடி.

"உன்னுது உனக்கு, என்னுது எனக்கு" என்பார். கையில் இரண்டு ஏஸ் வந்தாலும் அதேதான். அப்புறம் காட்டிச் சிரிப்பார். "பாத்தியா மார்வா? இன்னைக்கு உன்னைப் பொழைச்சுப் போன்னு விட்டேன்."

கம்ப்யூட்டர்காரன் இதற்குத் தர்மம் என்று பெயர் வைத்திருந்தான். தர்மம் செய்கிறவர்கள் சீட்டாட வரக்கூடாதாம்.

செவ்வாய்க்கிழமை கடைசி முந்நூறு டாலரோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் முறை வந்தது. எம்மெட் ஒரு டாலர், நான் மூன்று. விடுதி ஆள் லூர்டெஸ் சீட்டு போட்டாள். முக்காடுகள் ஒவ்வொன்றாகச் சீட்டைத் தள்ளின. மிஞ்சியது நாங்கள் இருவர். எம்மெட் தன் டாலரை எடுக்கக் கை நீட்டினார்.

"இருங்க, ஆடலாம்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "என்னம்மா?"

"ஆடலாம்னேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு இன்னும் இரண்டு டாலர் வைத்தார்.

என் கையில் இருந்தது எட்டும் மூன்றும், குப்பை. பதினைந்தாக ஏற்றினேன். அவரும் கட்டினார். லூர்டெஸ் இருவருக்கும் பொதுவாக மேசை நடுவில் மூன்று சீட்டைத் திறந்தாள். ஏஸ், ஒன்பது, நாலு. அவர் பணம் வைக்காமல் முறையை எனக்கு விட்டார். நான் இருபது வைத்தேன். கட்டம் அப்படித்தான் சொல்லியிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருபதை வைத்தார். நாலாவது சீட்டு ஆறு. எனக்கு ஒன்றுக்கும் உதவாது. மிச்சம் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

எம்மெட் வெகுநேரம் யோசிக்கவில்லை. சீட்டைத் திருப்பி மேசையில் வைத்தார். இரண்டு ராணி. ஏஸ் ஜோடிக்குத் தோற்கும், என் குப்பைக்கு இல்லை.

"எடுத்துக்கோ தாயி. பதினோரு வருஷத்துல எனக்கு மேல ஒருதடவை ஏத்தினியா நீ? இன்னைக்கு ஏத்துறேன்னா ஏஸ் இல்லாம ஏத்த மாட்டே. நல்லா வரட்டும் உனக்கு."

வாழ்த்தினார், பாவி மனுஷன். அவரிடமிருந்து எனக்கு வந்தது முப்பத்தைந்து டாலர். என் சீட்டைக் கவிழ்த்தபடியே லூர்டெஸ் பக்கம் தள்ளினேன்.

"ஏஸ்தானே?" என்றார்.

சொல்லவேண்டிய அவசியமே இல்லை. போங்க, சொல்ல மாட்டேன் என்று சிரித்திருக்கலாம். ஆடும்போது செய்தால் பாவ்லா. ஆட்டம் முடிந்த பிறகு செய்தால் அதற்குப் பெயர் வேறு.

"ஆமா, ஏஸ்தான்" என்றேன்.

பிரைசன் ஒரு காதைத் திறந்துகொண்டான். "செம்ம அடி, மேடம்."

எம்மெட் அவன் பக்கம் திரும்பினார். "இதுல அடி எங்க வந்துச்சு? கையில ஏஸ் இருந்துச்சு, கட்டினா."

"ஏஸா?" பிரைசனுக்கு உதட்டோரம் சிரிப்பு.

"இந்தா தம்பி, இவ உங்க ஜாதி இல்ல. எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா. இந்த மேசையில யார் வேணா சொல்லுவாங்க, இவ சொல்ல மாட்டா."

பிரைசன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எம்மெட் எழுந்து போயிருப்பார். அவன் சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். தொழில்காரன் தொழில்காரிக்குக் காட்டுகிற மரியாதை. என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டான். இனி இந்த மேசையிலிருந்து என்னை யாரும் கிளப்ப முடியாது.

ச்சீ.

லூர்டெஸ் அடுத்த சீட்டைப் போட்டாள். எம்மெட் தன் சீட்டை எடுத்துக்கூடப் பார்க்காமல், அந்தப் பக்கம் புதிதாக வந்து உட்கார்ந்தவரிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.