ஓர் ஒற்று அதிகம்

அந்த மெயிலை அனுப்பியது நான்தான். சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, ஒரே அமுக்கில், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு. அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் நானும் ஒருவன். அதனால் என்னைப் பற்றி அக்கா எழுதியது என் சட்டைப் பைக்கே 'டிங்' என்று வந்து சேர்ந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. செலவே இல்லாமல் வைத்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதில் உள்ள பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவது வேலை. வேலை முடிந்தாலும் அவளுக்கு வட்டம் போடுவது முடியாது. தெருவில் பார்த்த பிழைகளை வைத்துப் பத்து வருடமாக ஒரு வலைப்பூ எழுதுகிறாள். பல் டாக்டர் ஒருவர் 'வழியில்லாமல் பல் பிடுங்கப்படும்' என்று பலகை மாட்டியது, செத்தவருக்குத் 'தண்ணீர் அஞ்சலி' செலுத்தியது, இப்படி. படிக்கிறவர்களும் அவளைப் போன்ற ஆட்கள்தான். கால்புள்ளி விட்டுப்போனால் தூக்கம் வராதவர்கள்.

இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். போன மாதம் அவர்கள் அவளுடைய பத்திகளுக்கு நடுவில் விளம்பரம் சொருக ஆரம்பித்தார்கள். 'முடி கொட்டுவதை தடுக்க' என்று ஓர் எண்ணெய்.

"முடி போனாப் போகட்டும்டா. 'த்' எங்கடா போச்சு? என் எழுத்துக்கு நடுவுல இப்படி ஒண்ணு நிக்குதுன்னா நான் எப்படி வெளிய தலை காட்டுறது?"

"சொந்தமா ஒரு தளம் போட்டுக்கலாம்க்கா. நான் போட்டுத் தர்றேன்" என்றேன்.

நான் ஓர் அலுவலகத்தில் 'கம்ப்யூட்டர் ஆள்'. பிரிண்டரில் மாட்டிய காகிதத்தைக் கிழியாமல் இழுப்பதில் எனக்கு நிகர் கிடையாது. மற்றபடி எதைக் கேட்டாலும் "அணைச்சுப் போடுங்க" என்பேன். பாதி நேரம் சரியாகிவிடும். மீதி நேரம் நான் டீ குடிக்கப் போயிருப்பேன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அத்தான். அக்காவும் அவரும் பிரிந்து ஏழு வருடமாகிறது. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை, வேலையையும் விடவில்லை.

அக்காவுக்கு நான் எதுவுமே செய்ததில்லை என்று ஓர் உறுத்தல் எனக்கு உண்டு. ஆகவே இந்த வேலையை ராஜ்ஜியம் பிடிக்கப் போகிறவன் மாதிரி எடுத்துக்கொண்டேன். பெயர் பதிவு செய்தேன். ஹோஸ்டிங் இடம் பிடித்தேன். மென்பொருளை ஏற்றினேன். பிறகு அதோடு சேர்த்து மாட்டுகிற சின்னச் சின்ன ப்ளக்இன்கள். "செருகுநிரல்னு சொல்லு" என்றாள் அக்கா. சரி, செருகுநிரல்கள். குப்பைப் பின்னூட்டங்களைத் தடுக்க ஒன்று. தினமும் எல்லாவற்றையும் நகலெடுத்து வேறிடத்தில் வைக்க ஒன்று. வாசகர்கள் கடிதம் எழுதப் படிவம் ஒன்று. புதிய பதிவு வந்ததும் சந்தாதாரர்களுக்குத் தானாக மெயில் அனுப்ப ஒன்று. அதில் 'உடனே அனுப்பு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று போட்டிருந்தது. பெரியவர்கள் பரிந்துரைத்தால் மறுப்பேனா? டிக் போட்டேன்.

பழைய தளத்திலிருந்து மூட்டை கட்டும்போது இன்னொரு கட்டம் வந்தது: 'பழைய வரைவுகளும் வேண்டுமா?' அக்கா ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும், முந்தையதைத் தூக்கிப் போடாமல் அந்தத் தளம் மடித்து மடித்து உள்ளே வைத்திருந்தது. இருப்பதெல்லாம் வரட்டுமே என்று அதற்கும் டிக்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தேன். எதிர் நாற்காலியில் அவள் ஒரு சமையல் புத்தகத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாப் பதிவுகளும் பத்திரமாக வந்து இறங்கியிருந்தன. சோதித்துப் பார்க்க ஒன்றைத் திறந்து சேமித்தேன். எழுத்துக் குறியீட்டைத் தவறாக வைத்திருந்தேன் போல. அந்தப் பதிவு முழுக்கக் கேள்விக்குறியாக மாறிவிட்டது. தலைப்பிலிருந்து முற்றுப்புள்ளி வரை ஒரே ????????. குறியீட்டைச் சரிசெய்தேன். மற்றவை தப்பின. அது மட்டும் கேள்வியாகவே நின்றது.

அது 'விசாரணை நாள்' என்ற பதிவு. பிழைகளைப் பற்றி இல்லாமல் அக்கா எழுதிய ஒரே பதிவு. போன வருடம் வந்தபோதே படித்திருக்கிறேன். கீழே ஓர் இதயப் படம்கூடப் போட்டிருக்கிறேன்.

பதறவில்லை. மடித்து வைத்த வரைவுகள் இருக்கின்றனவே. திறந்தேன். பத்தொன்பது. வருகைப் பதிவேட்டில் கடைசி ஆள் கடைசியில்தானே கையெழுத்துப் போடுவான்? அந்தக் கணக்கில் ஆக அடியில் இருந்ததை எடுத்து, படிக்காமல், 'மீட்டெடு', 'வெளியிடு' என்று அமுக்கினேன். அந்தப் பட்டியலில் புதியது மேலே, பழையது கீழே என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேதி சொல்லியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

டிங். என் பையில். டிங். அக்காவின் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படித்தோம்.

'தம்பி சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருந்தான். பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். பஸ் வழியில் நின்றுவிட்டது, நகரவே இல்லை என்றான். நான் கோர்ட்டின் மூன்றாவது மாடி ஜன்னலோரம் நின்றிருந்தேன். எதிரே இருந்தக் கடை வாசலில், ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில், போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். நீலச் சட்டை. நான் வாங்கிக் கொடுத்தது. பரவாயில்லடா, பாத்து வா என்றேன்.'

உண்மைதான். அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்த பெஞ்சில் இருந்தேன். அத்தான் கை ஓங்கியதையும், ஓங்கிய கை அக்கா மேல் இறங்கியதையும் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான். மேலே ஏறிப்போய் அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சொன்னால் திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு நாற்காலி இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் கையில் இருந்த தாளை நாலு ஜெராக்ஸ் எடுத்தேன். அது என்னைச் சாட்சி சொல்ல வரச் சொன்ன நோட்டீஸ். அந்த நாலு நகலும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பேக்கப் எடுப்பதில் நான் அன்றே கெட்டிக்காரன்.

அக்கா போனைக் கீழே வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினாள்.

"'இருந்தக் கடை'ன்னு போட்டிருக்கேன்" என்றாள். "அங்க 'க்' வராதுடா. 'இருந்த கடை'தான். கை நடுங்கியிருக்கு அன்னிக்கு."

"அக்கா..."

"என் வாழ்க்கையில நான் போட்ட தப்பு இது ஒண்ணுதான். அதையும் போய் ஊரெல்லாம் தபால்ல போட்டுட்டியே, மகராசா."

பதில்கள் என் முகவரிக்கே வரும்படி வைத்திருந்தேன். முதலில் வந்தது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடையது: 'இருந்தக் – ஒற்று மிகாது. தங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.' இரண்டாவது சித்தி. 'யாரு அந்தத் தம்பி? நம்ம தம்பியா?' எங்களுக்குள் மொத்தம் ஒரே தம்பிதான் என்பது சித்திக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிற வகை.

நான் லேப்டாப்புக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு மற்ற வரைவுகளைத் திறந்தேன். படித்திருக்கக் கூடாது. இந்த முறை படித்தேன். ஏழு வருடமாக அக்கா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருந்தாள். நாலாவதில் நீலச் சட்டையைக் காணோம். ஏழாவதில் பெஞ்சைக் காணோம். பதினொன்றில் தம்பி 'உறவினர் ஒருவர்' ஆகிவிட்டான். பதினைந்தில் பஸ் நிஜமாகவே வழியில் நின்றுவிட்டது. கடைசி வரைவு போன வருடத் தேதி. பொடிசு, அதாவது அக்கா மகள், இந்த வலைப்பூவுக்குத் தன் மெயிலைப் பதிந்துகொண்ட அதே வாரம். அதில் உறவினரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. 'என் பக்கம் சாட்சி சொல்ல நான் யாரையும் அழைத்துப் போகவில்லை. தவறு என்னுடையது' என்று இருந்தது.

ஊரான் பிழைக்கெல்லாம் வட்டம் போடுகிறவள், சரியாக இருந்த ஒன்றை மட்டும் உட்கார்ந்து பத்தொன்பதாவது வரைவு வரை பிழையாக்கியிருக்கிறாள். அதற்குக் கீழேதான் நான் இதயம் போட்டிருக்கிறேன். 'சாட்சி யாரையும் கூட்டிப் போகலைன்னு எழுதியிருக்கா, அக்காவுக்கும் மறதி வந்துடுச்சு' என்று நிம்மதியாக அன்றிரவு படுத்தவன் நான்.

"திருத்தம் ஒண்ணு அனுப்பிடலாம்க்கா" என்றேன். "தவறுதலா வந்துடுச்சு, பழைய வரைவு, கதைக்காக எழுதினதுன்னு..."

"எழுதுறது யாரு, நீயா? நாலு வரிக்கு எட்டுப் பிழை வரும்."

"நீ எழுது. நான் அமுக்குறேன்."

"நீ அமுக்கினது போதும்."

அவள் போன் அடித்தது. பொடிசு. ஒன்பது வயதில் அப்பா வீட்டுக்குப் போனவள். இப்போது பதினாறு. ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை மட்டும் இங்கே வருவாள், அழைப்பு மணி அடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி. இது வராத சனிக்கிழமை. அக்காவின் கையில் மை ஒட்டியிருந்தது. போனை மேஜையிலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா. மெயில் படிச்சேன்."

"சாப்டியா?"

"ம்மா, பேச்சை மாத்தாத. நீதான் என்னை வேணாம்னு விட்டுட்டேன்னு அப்பா சொல்லுவாரு. நீ எழுதினதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்துச்சு. இப்ப இது என்னம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. எந்தச் சொல்லைப் போட்டால் வரி நிற்கும் என்று தேடுகிற பார்வை அது. பத்தொன்பது தடவை தேடியிருக்கிறாள். இருபதாவது தடவைக்கு அவளிடம் தெம்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

"விடலடி" என்றாள். "நீ வேணும்னுதான் கோர்ட்டுக்கே போனேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "மாமா அங்க இருக்காரா?"

"இருக்கான்."

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக அவளிடம் சொல்ல ஒரு ஜோக் என்னிடம் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றி, அவள் முடியைப் பற்றி. 

"அப்ப நான் அப்புறம் பேசுறேன்" என்று பொடிசு வைத்துவிட்டாள்.

மேஜை மேல் சமையல் புத்தகம் திறந்தே கிடந்தது. 'உப்பு தேவையான அழவு' என்பதில் 'ழ'வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். லேப்டாப்பில் இன்னும் ஏழு பதில்கள் சேர்ந்திருந்தன. திறக்கவில்லை.

ஏழு வருடமாக அந்தக் கேள்வியை நான் பல வேஷத்தில் கேட்டிருக்கிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, "நான்லாம் வந்திருந்தா ஜட்ஜே தூங்கியிருப்பாருல்ல?" என்று. ஒரு தடவை "டீ ஆறுது பாரு" என்றாள். ஒரு தடவை "போடா லூசு." ஒரு தடவை "அதெல்லாம் எப்பவோ போச்சு." ஒவ்வொரு தடவையும் நான் கேட்டது அந்தப் பதிலுக்காகத்தான், எனக்கு வேண்டியதும் அதுதான்.

லேப்டாப்பை மூடினேன்.

"அக்கா, வேஷம் கட்டாமக் கேக்குறேன். நான் அன்னிக்கு அந்த மூணு மாடி ஏறி வந்திருந்தா, பொடிசு உன்கூட இருந்திருப்பாளா?"

அவள் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடினாள். அது என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, பேனாவை மூடி, டப்பாவில் போட்டாள்.

"இருந்திருப்பா" என்றாள்.