சுவருக்கு ஒரு சாண்

பட்டு வியாபாரி மணவாளன் வீட்டு டி.வி.யை நாங்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். 1984-இல் ஆரணியில் எங்களுக்கு அதுவே பெரிய உபகாரம். உள்ளே பாயில் அவர்கள் வீட்டு ஆட்கள். வெளியே மண்ணில் நானும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும்.

டெல்லியில் என் தம்பி துரை நீந்தப் போகிறான். சர்வதேசப் போட்டி, இருநூறு மீட்டர், நான்கு வகை நீச்சலையும் ஒரே ஆள் நீந்த வேண்டும். இறுதிச் சுற்றில் எட்டுப் பேர். பட்டாளத்துக்காரன், வயது இருபத்தாறு. இதை விட்டால் அவனுக்கு அடுத்தது இல்லை.

"எங்க கெணத்துல கத்துக்கினவன்," என்று மணவாளன் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி யாருது? எங்க தண்ணி!"

நைனா சிரித்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கிணற்றைப் பற்றி நான் சொல்கிறேன். சாயம் போட்ட பட்டு நூலை அலசுகிற கிணறு. சுற்றிலும் கல் சுவர், ஒரு பக்கம் படி. நூல் சிட்டம் நழுவி உள்ளே போனால் முழுகி எடுக்கத் துரையைக் கூப்பிடுவார்கள். கயிற்றில் இறங்கிக் கயிற்றிலேயே ஏற வேண்டும். படியையோ சுவரையோ நாங்கள் தொட்டால் தண்ணீர் தீட்டு, பட்டும் தீட்டு. கோடையில் வற்றியதும் சேறு வாருவது நைனா. அப்போது அதே சுவரில் சாய்ந்து பீடி குடித்தாலும் தீட்டில்லை.

ஒன்பது வயதில் ஒருமுறை துரை களைத்துப்போய்ப் படியைப் பிடித்தான். மணவாளன் செருப்புக் காலோடு அவன் விரல்கள்மேல் ஏறி நின்றார்.

அன்றிலிருந்து நைனா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். துரை நீந்தும்போது மேலே உட்கார்ந்து, அவன் கை சுவருக்கு ஒரு சாண் கிட்டே வந்தால் "கை!" என்று கத்த வேண்டும். ஆறு வருஷம் கத்தினேன். பிறகு கத்தவே தேவைப்படவில்லை. அவன் கைகள் தாமாகவே மடங்கின.

போன வாரம் கடிதம் எழுதியிருந்தான். 'அக்கா, ஒவ்வொரு நீச்சல் மாறும்போதும் சுவரைக் கையால் தொடணும். பயிற்சியில் தொட்டுவிடுகிறேன். உயிர் போகிற மாதிரி களைத்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. கோச்சுக்கு ஏன் என்று புரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.'

படித்துக் காட்டியபோது நைனா எழுந்து போய்விட்டார்.

திரையில் புள்ளி புள்ளியாகக் கொசு பறந்தது. விசில். கைகளை வீசி வீசிப் போனான், நான்காவது இடம். சுவரைத் தொட்டான்.

"தொட்டுட்டாம்மா," என்றார் நைனா.

"தொடறதுல இன்னாய்யா பெருசு?" என்று உள்ளே யாரோ சிரித்தார்கள்.

மல்லாந்து நீந்தினான், மூன்றாவது. கை பின்னால் நீண்டு சுவரில் பட்டது. நைனாவின் நகம் என் முழங்கையில் இறங்கியது.

அடுத்தது தவளை நீச்சல். இரண்டாவது! மணவாளன் எழுந்து நின்றார். "போடா எங்க கெணத்து மீனே! ஜல்தி, ஜல்தி!"

எனக்கு அவன் தோள் மட்டும் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு அது தாழ்ந்தது. படியைப் பிடித்த அன்றைக்கும் அப்படித்தான் தாழ்ந்தது.

ஒரு முழம். ஒரு சாண்.

என் வாய் தானாகத் திறந்தது. டெல்லிக்குக் கேட்டுவிடும் என்பதுபோலப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு கைகளும் மார்போடு மடங்கின. உடம்பு சுருண்டது. காலால் உதைத்துத் திரும்பிவிட்டான்.

கரையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். துரை அதைப் பார்க்கவில்லை. கடைசி நீளத்தை வெறி பிடித்தவன்போல் நீந்தி, இரண்டாவதாக வந்து, சுவரை ஓங்கி அறைந்தான். உள்ளே கை தட்டினார்கள். பிறகு திரையில் பெயர்கள் வந்தன. அவன் பெயர் இல்லை.

மணவாளன் ஜன்னலுக்கு வந்தார். "இன்னா ஆச்சு அம்மணி? நீதான் பி.ஏ. படிச்சவளாச்சே."

"சுவத்த தொடல. செல்லாதுன்னுட்டாங்க."

"அட பேஜாரே! தொடறதுக்கு இன்னா கேடு? கை இல்லியா அவனுக்கு?"

நைனா தலையைக் குனிந்தார். "வழக்கம் இல்லீங்க மொதலாளி."

மணவாளனுக்கு அது காதில் விழுந்ததா, தெரியவில்லை. நைனாவைப் பார்த்துச் சொன்னார்: "சரி வுடு. காலைல கெணத்துக்கு வா வேடியப்பா. ரெண்டு சிட்டம் உள்ள வுழுந்துகீது."

"வரோம்," என்றேன் நான். "கயிறு வேணாம். படி வழியா எறங்கறோம்."

நைனாவின் நகம் மறுபடி என் முழங்கையில் இறங்கியது. உள்ளே யாரோ டி.வி.யை அணைத்தார்கள்.